ஆறாவது பொருள்

அவர் அகராதியைக் கடைசியிலிருந்து படிப்பவர். கடைசி என்றால் கடைசிப் பக்கம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் அந்தச் சொல் எந்த மொழியில் பிறந்து, யார் யார் வாய்க்குள் புகுந்து வந்தது என்று போட்டிருப்பார்களே, அதைத்தான் முதலில் படிப்பார். பொருள் அதற்கப்புறம்தான்.

“பர்த் சர்டிஃபிகேட் பாக்காம எந்தச் சொல்லையும் உள்ள விடமாட்டேன் லா,” என்பார்.

சிங்கப்பூர்த் தேக்காவில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து நாங்கள் நாலைந்து பேர் கோப்பி குடிக்க உட்காருவோம். அந்தக் கடைக்காரரிடம் ஒருநாள், கோப்பி என்ற சொல் அரபு நாட்டில் கிளம்பி, துருக்கி போய், டச்சுக்காரன் கப்பலேறி, மலாய்க்காரர் வாய் வழியாகத்தான் இங்கே வந்தது என்று விளக்கினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவ்ளோ தூரம் நடந்து வந்துருக்கு, அதுக்குச் சீனி போடவா வேணாமா அக்கா?” என்றார். அன்று அதிகமாகச் சிரித்தவர் அக்காதான்.

அகராதி பிடித்தவர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவருக்குத் தெரியும். பேரவைக் கூட்டங்களுக்கு அந்தத் தடித்த ஆங்கில அகராதியைச் சந்தை நெகிழிப் பையில் சுற்றி எடுத்து வந்து, மேசைமேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ‘தொம்’ என்று வைப்பார். நான் அப்போது எங்கள் கத்தோலிக்கக் கோயிலை நடத்தும் பங்குப் பேரவையின் செயலாளர். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, இன்றைக்கு இரவுச் சாப்பாடு ஆறிப்போய்த்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் முகம் சீன முகம். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பல சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. இவரும் அப்படி வளர்ந்தவர். தமிழைத் தவிர வேறு வீட்டு மொழி கிடையாது. டாக்சிக்காரர் ஹொக்கியன் சீனத்தில் ஆரம்பித்தால், “சாரி அங்கிள், ஐ ஒன்லி தமிழ்,” என்பார். அதற்கப்புறம் டாக்சிக்காரரின் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றேதான்: நீ எங்கிருந்து வந்தாய்? கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் அதையே கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டிருந்தவர், அதைத் திருப்பிச் சொற்களிடம் கேட்க ஆரம்பித்தார் என்பது என் கணக்கு. அவரிடம் இதை நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ‘கணக்கு’ என்பது எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்திருப்பார்.

முப்பது வருடம் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் அலுவலக அலமாரியில் கிடந்த பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தூசு தட்டி, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு வைத்ததும் அவர்தான். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

எங்கள் பேரவைத் தலைவர் கிளமெண்டி வட்டாரக்காரர். ஓய்வு பெற்ற பொறியாளர், நல்ல மனிதர். ஆனால் கூட்டத்தில் பெரிய ஆங்கிலச் சொல் ஒன்றைப் போடாமல் அவரால் முடிக்க முடியாது. ஒரு கிறிஸ்துமஸ் கூட்டத்தில், மற்ற மொழிக்காரர்களோடு சேர்ந்து பாடவேண்டும் என்பதற்காக, “நாம ரொம்ப பரோக்கியலா இருக்கக்கூடாது,” என்றார்.

‘தொம்’ என்று பை மேசைக்கு வந்தது.

“அண்ணே, பரோக்கியல்னா என்ன?”

“குறுகிய மனசு அக்கா. நம்ம வட்டத்துக்குள்ளயே இருக்கறது.”

“அதோட அம்மா யாரு தெரியுமா? பாரிஷ்.”

“நாம பங்குன்னு சொல்றோமே, அதே பாரிஷா?”

“அதேதான். அம்மா நல்லவங்க. பிள்ளைதான் வாசலத் தாண்டாம வளந்து இப்படி ஆயிடுச்சு.”

எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மா எந்த ஊர் என்று ஃபாதர் கேட்டார். “அது பெரிய கதை ஃபாதர், தேவைப்படும்போது சொல்றேன்,” என்று பையை முடிந்துவிட்டார். தேவை அடுத்த வருடமே வந்தது. அதை உண்டாக்கியவன் நான்தான்.

எங்கள் தமிழ்ப் பூசைக்குத் தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வசிக்கும் இடத்தை வைத்து அவர்களை அன்பியங்களாகப் பிரித்திருந்தோம். மார்சிலிங் அன்பியம், பொங்கோல் அன்பியம், கிளமெண்டி அன்பியம் என்று ஒன்பது குழுக்கள். மாதா திருவிழாவுக்கு முந்தைய நவநாட்கள் ஒன்பது. அன்பியத்துக்கு ஒரு நாள். அந்த நாளில் பாட்டு, வாசகம், பூ அலங்காரம், பூசைக்குப் பிறகு சாப்பாடு எல்லாம் அந்த அன்பியத்தின் பொறுப்பு. ஒவ்வொரு அன்பியமும் தன் நாளைத் தன் வீட்டுக் கல்யாணமாக நினைக்கும்.

அந்த வருடம் நான் பங்கு மக்கள் பதிவைக் கணினிக்கு மாற்றினேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. தபால் எண்ணைத் தட்டினால் போதும், எந்த அன்பியம் என்று அதுவே சொல்லிவிடும். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளின் எண்கள் எந்த அன்பியத்திலும் இல்லை. அவற்றைத் தட்டினால் ‘விருந்தினர்’ என்று வரும்படி அமைத்துவிட்டேன். எனக்கு அது தவறாகவே படவில்லை. மரியாதையான சொல்லாயிற்றே என்றுதான் நினைத்தேன்.

கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் அருள்ராஜ் அந்தப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பது தாண்டியவர். பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறவர். பாடகர் குழுவில் தபேலா அவர்தான். நாற்காலி அடுக்குவது, மின்விசிறி துடைப்பது, மழைத் தண்ணீர் தள்ளுவது எல்லாம் அவரும் அவரோடு வருகிறவர்களும்தான்.

“நான் விருந்தாளியா சார்?” என்று என்னிடம் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதனால்தான் எனக்குச் சுட்டது.

அந்த வாரம் பேரவைக்கு ஒரு கடிதம் வந்தது. விடுதிக்காரர்களுக்கு நவநாளில் ஒரு நாள் வேண்டும். வார நாட்களில் வேலை முடிய நேரமாகும், ஆகவே சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. கீழே அருள்ராஜ் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அவருடைய வேலை அனுமதி முடிகிறது, திருவிழா முடிந்த மூன்றாவது வாரம் ஊருக்கே போய்விடுகிறார், திரும்பி வரமாட்டார். போவதற்குள் ஒரு தடவை எங்கள் நாள் என்று ஒன்றைப் பார்த்துவிட்டுப் போக ஆசை.

அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்துக்கு அக்கா அகராதியோடு வந்தார். அருள்ராஜும் அழைப்பின்பேரில் வந்து கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தை வாசித்ததும் மார்சிலிங் அன்பியத்து அம்மா, “எங்க சனிக்கிழமையத் தொடாதீங்க, நான் பிரியாணிக்குச் சொல்லியாச்சு,” என்றார். மிச்சமிருந்த சனிக்கிழமை கிளமெண்டியுடையது. கடைசி நவநாள், மாதாவின் சப்பரம் சுற்றும் நாள். தலைவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் கையில் இருப்பது.

தலைவர் நிதானமாகத்தான் பேசினார். “எனக்கு அவங்க மேல அன்பு இல்லாம இல்ல. ஆனா ரெண்டு வருஷம் இருப்பாங்க, போயிடுவாங்க. ஒரு நாள எடுத்தா அதுக்குப் பொறுப்பு இருக்கு. அடுத்த வருஷம் நான் யாரக் கேப்பேன்? இந்த அருளே போறாரு. முன் வரிசையில உக்கார வைப்போம், மால போடுவோம். பாரிஷ்னா நிலையா ஒரு எடத்துல குடியிருக்கறவங்க.”

“அண்ணே, இந்த எடத்துக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்,” என்றார் அக்கா.

பையை அவிழ்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

“பாரிஷுக்கு இதுல அஞ்சு பொருள் போட்டிருக்கான். ஒண்ணு, ஒரு கோயில், அதுக்கு ஒரு சாமியார், அதோட எல்லை. ரெண்டு, அந்த எல்லையில இருக்கற ஜனங்க. மூணு, இங்கிலாந்துல ஊராட்சி மாதிரி ஒரு சின்ன நிர்வாகம். நாலு, அமெரிக்காவுல ஒரு மாநிலத்துல மாவட்டத்துக்கே அதான் பேரு. அஞ்சாவது கேளுங்க, ஏழைக்குக் குடுக்கற உதவிப் பணம். ஒருத்தன் பாரிஷ்ல இருக்கான்னா, தர்மச் சோறு சாப்பிடறான்னு அர்த்தம். அந்தச் சோறு குடுக்கப் பயந்து, வெளியூர்க்காரன் வந்தா அவன் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பவும் நம்ம மாதிரிதான், நீ எந்த எல்லைன்னு கேட்டிருக்காங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இப்ப பர்த் சர்டிஃபிகேட். இங்கிலீஷுக்கு பிரெஞ்சுலேருந்து வந்துச்சு, பிரெஞ்சுக்கு லத்தீன்லேருந்து, லத்தீனுக்கு கிரேக்கத்துலேருந்து. கிரேக்கத்துல பரோய்கோஸ். பரான்னா பக்கத்துல. ஓய்கோஸ்னா வீடு. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கறவன். அதாவது, அந்த வீடு அவனோடது இல்ல. அடுத்தவங்க ஊர்ல வந்து கொஞ்ச காலம் தங்கறவன். மொத மொத கிறிஸ்தவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பேரு அது. நாங்க இங்க வந்து தங்கறவங்கன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. வந்து தங்கிட்டுப் போறவங்கதான் பாரிஷ் அண்ணே. வீடு வாங்கிக் குடியிருக்கறவங்க நாமதான் அதுல அப்புறமாச் சேந்தோம்.”

ஃபாதர் சிரித்துவிட்டார். மார்சிலிங் அம்மாகூட ‘அட’ என்றார். நான் ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். தலைவர் தலையை ஆட்டினார்.

“ரொம்ப அழகாச் சொன்னீங்க அக்கா. ஆனா ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி கிரேக்கன் என்ன சொன்னான்னு வச்சு நாம அட்டவணை போட முடியாது. நம்ம கோயில்ல என்ன வழக்கமோ அதான்.”

அக்கா அகராதியை மூடினார். அருள்ராஜ் எழுந்து, “பரவால்ல அக்கா, விடுங்க,” என்றார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

“உக்காருங்க அருள்,” என்று சொல்லிவிட்டு அக்கா அலமாரிக்குப் போனார். தாமே அட்டை போட்ட பதிவேடுகளில் ஒன்றை உருவினார். பக்கத்தைத் தேடவில்லை. நேராகத் திறந்தார். அதைக் கொண்டுவந்து தலைவருக்கு முன்னால் வைத்தார்.

“நம்ம கோயில் வழக்கம்தான? கண்ணாடி போட்டுக்கிட்டு சத்தமாப் படிங்க அண்ணே. மூணாவது வரி.”

தலைவர் படித்தார். முதலில் ஒரு பெயர். அதைப் படித்ததும் நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

“படிங்க.”

“அப்பா பெயர்... கோடு போட்டிருக்கு. அம்மா பெயர், கோடு. பிறந்த இடம், கோடு. வீட்டு முகவரி...” அவர் குரல் இறங்கியது. “கோடு.”

“தத்துப் பத்திரம் எதுவும் அப்ப முடியல. எங்கம்மா ஒரு துண்டுல சுத்தி என்னைக் கொண்டாந்தாங்க. அப்ப இருந்த ஃபாதருக்கு எதையும் எழுத முடியல. கடைசிக் கட்டத்துல மட்டும் ஒண்ணு எழுதினாரு. அதையும் படிங்க.”

தலைவர் அந்த மங்கிய மையை விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். “ஆஃப் திஸ் பாரிஷ்.”

இந்தப் பங்கைச் சேர்ந்தவள். ஊரும் பெற்றவர் பேரும் வீடும் இல்லாத, பிறந்து சில வாரமே ஆன ஒரு சீனக் குழந்தைக்கு எங்கள் கோயில் கொடுத்த ஒரே முகவரி அது. அவர் தத்துப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வரியை யாரும் பார்த்ததில்லை. அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

“இதான் நம்ம கோயில் வழக்கம்,” என்றார் அவர். “என்னைக் கேக்கல, நீ எந்த பிளாக்கு, எந்த வீடுன்னு.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, “எழுதிக்குங்க செக்ரட்டரி. கிளமெண்டி ஒரு வார நாள யாரோடயாவது பகிர்ந்து நடத்திக்கும். கடைசிச் சனிக்கிழம விடுதி அன்பியத்துக்கு,” என்றார். அடுத்த நொடியே, “என் வீட்டம்மாகிட்ட மட்டும் ஃபாதர் வந்து சொல்லணும்,” என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. பொங்கோல்காரர்கள் தங்கள் செவ்வாய்க்கிழமையில் பாதியைக் கிளமெண்டிக்குத் தருவதாக அங்கேயே சொன்னார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து அந்த விருந்தினர் பட்டியலை அழிக்கப் போனேன்.

“அழிக்காதீங்க,” என்றார் அக்கா. “எல்லார் பேரும் அதுலதான் இருக்கு. தலைப்ப மட்டும் மாத்துங்க.”

அந்தச் சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் விடுதிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. பூசை ஆறரைக்கு. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம், கிளமெண்டிப் பாடகர்களைத் தயாராக இருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். அக்கா மட்டும் வாசலில் கையில் மல்லிகைப் பையோடு நின்றுகொண்டிருந்தார். “வருவாங்க லா,” என்றார்.

ஆறே கால் தாண்டி மூன்று லாரிகள் வரிசையாக உள்ளே திரும்பின. வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். லாரியிலேயே சட்டை மாற்றி, பவுடர் போட்டு, தலை வாரி இருந்தார்கள். வெள்ளைச் சட்டைகள் குதித்துக் குதித்து இறங்கின. அவ்வளவு பேரை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வெவ்வேறு விடுதிகளில் சொல்லி, எங்கள் கோயிலை அதுவரை பார்த்தே இராதவர்களையும் கூட்டி வந்திருந்தார்கள்.

அவர்கள் பாடியபோது மார்சிலிங் அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கடற்கரை ஊர்களில் பாடும் பழைய மாதா பாட்டுகள். அருள்ராஜின் தபேலாவுக்குக் கூரை அதிர்ந்தது. பூசை முடிந்து சப்பரம் கிளம்பும் நேரம் வந்தது. எங்கள் கோயிலில் சப்பரத்தைச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போவதுதான் பழக்கம். எங்களுக்கு முதுகு வலி, மூட்டு வலி.

அருள்ராஜ் வண்டியைப் பார்த்தார். “என்ன சார், மாதாவத் தள்ளிக்கிட்டா போவீங்க?”

கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு நீளக் கம்புகள் வந்தன. சாரம் கட்டுகிறவர்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தரவா வேண்டும்? அருள்ராஜ் ஒரு குரல் கொடுத்தார். எல்லோரும் குனிந்தார்கள். இன்னொரு குரல். சுரூபம், பூ, விளக்கு எல்லாவற்றோடும் சப்பரம் ஒரே மூச்சில் தோளுக்கு ஏறியது. மெழுகுவர்த்தி ஒன்றுகூட அணையவில்லை. எங்கள் பிள்ளைகள் மாதாவை அவ்வளவு உயரத்தில் பார்த்ததே இல்லை. தலைவர் ஓடிப்போய்ப் பின்வரிசையில் ஒரு கம்புக்குத் தோள் கொடுக்கப் பார்த்தார். அவர் உயரத்துக்குத் தோள் எட்டவில்லை, கையைத்தான் கொடுத்தார்.

அக்கா சப்பரத்துக்கு முன்னால் மல்லிகையைத் தூவிக்கொண்டே நடந்தார். ஒரு புதுப்பையன் அருள்ராஜிடம், “அண்ணே, அந்தச் சீனம்மா யாரு, எங்கேருந்து வந்தவங்க?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. “நம்ம பங்குடா,” என்றார் அருள்ராஜ், தோளை மாற்றாமலே.

மூன்று வாரம் கழித்து அருள்ராஜ் அலுவலகத்துக்கு வந்தார். பங்கு மாறிப் போகிறவர்களுக்கு அடுத்த பங்குக்குக் கொடுக்கும் கடிதம் தனக்கும் கிடைக்குமா என்று கேட்டார். விருந்தினருக்கு அந்தக் கடிதம் கிடையாது. பங்கு மக்களுக்கு உண்டு. நான் படிவத்தை எடுத்தேன். பிளாக் எண் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். வீட்டு எண், இன்னொரு கோடு. கடைசியில், யாரும் சொல்லாமலே, ஆங்கிலத்தில் அந்த மூன்று சொற்களை எழுதினேன். ஃபாதர் கையெழுத்திட்டார். அருள்ராஜ் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு அருள்ராஜ் போன் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன், தேக்காவில், அதே கோப்பிக் கடையில். “எங்க ஊர் ஃபாதர் கடிதத்தப் படிச்சுட்டு, எந்தப் பங்குலேருந்து வர்றேன்னு கேட்டாரு அக்கா. நான் பொறந்த தெருவுல நின்னுக்கிட்டு, சிங்கப்பூர்னு சொன்னேன்.” அக்கா சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு அக்கா பொங்கோலுக்கு வீடு மாற்றிக்கொண்டு, அங்கே பக்கத்திலிருக்கும் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். வீடு மாற்றிய அன்று பெட்டி தூக்க நானும் போயிருந்தேன். அகராதிதான் எல்லாவற்றையும்விடக் கனம். தூக்கும்போது அந்த நெகிழிப் பை கிழிந்து, அது தரையில் ‘தொம்’ என்று விழுந்து விரிந்துகொண்டது. அடிக்கடி திறந்த பக்கத்தில்தான் விரியும். பாரிஷ் இருந்தது. அச்சில் ஐந்து பொருள். ஐந்தாவதுக்குக் கீழே, அவருடைய ஆவண அறைக் கையெழுத்தில், பென்சிலால் ஆறு என்று எண் போட்டு, ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை.